உயரம்: ஒன்பது முதல் சைபர் வரை

கிருஷ்ணராயர் தெப்பக்குளம் தெருவில்
ஒரு சொல்லுக்காக ஏழு வருஷம் வழக்கு.
"மச்சுக்குக் கீழ்ப்பட்டது மூத்தவன் துளசிராமுக்கும்
மச்சுக்கு மேற்பட்டது இளையவன் மோதிலாலுக்கும்"
என்று எழுதி வைத்துப் போனவர்
மச்சு யாருக்கு என்று எழுதவில்லை.

ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகை.
கீழே படுப்பவனுக்கு அது மேல்.
மேலே நடப்பவனுக்கு அது கீழ்.

கோர்ட் அனுப்பிய கமிஷனர், வக்கீல் செண்பகவல்லி.
அவர் கூட்டி வந்த அளவைக்காரி நான்.
கையில் லேசர், ஒரு சுண்ணாம்புக் கட்டி.

கீழ் அறையில் மல்லாந்தேன்.
விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள்
மதுரையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.
சுவர் விட்டுச் சுவர் தாவுவது விட்டம்.
அதையும் சேர்த்துச் சுமப்பது உத்திரம்.
ஆசாரிக்கு ஆசாரி இது மாறும்.
பத்திரமோ இரண்டையும் விட்டுவிட்டு
"விதானம்" என்கிறது ஓரிடத்தில்;
எழுதியவர் அன்று காலை
கோயிலில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.
இந்த விதானத்தில் உள்ளவை:
ஃபேன் கொக்கி, பல்லி,
தொண்ணூற்றெட்டாம் வருஷத் தீபாவளி ராக்கெட்டின் கரி.

"ஃபால்ஸ் சீலிங் போடணும் மேடம்,
ஒரு ஆணி அடிக்க விட மாட்டேங்கிறான்" என்றார் துளசிராம்.
பலகை இடுக்கிலிருந்து பதில் இறங்கியது:
"அது என் தரை."

மேலே ஏறினால் சாய்கூரை.
முகட்டில் ஒன்பதடி ரெண்டங்குலம்.
அங்கிருந்து கைமரங்கள் தெருவைப் பார்த்துச் சரிகின்றன.
நின்றேன்.
ரெண்டடி நகர்ந்ததும் கழுத்தை மடித்தேன்,
அப்புறம் இடுப்பை,
அப்புறம் முழங்காலை.
இறவாணத்தருகே ஓடும் பலகையும் உரசுகிற இடத்தில்
லேசரும் ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தில் உயரத்துக்கு ஒரே ஒரு கட்டம்.

அஞ்சடிக்குக் கீழே அறையில்லை
என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.
அஞ்சடியில் கோடு கிழித்தேன்.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

ரமணிபாய், மோதிலாலின் மனைவி.
மடியில் யாரோ ஒருத்தியின் முகூர்த்தப் புடவை.
ஃபால்ஸ் தைக்கிறார்.
கீழே மாட்டத் துடிப்பதும் ஃபால்ஸ்,
மேலே ஊசி கோப்பதும் ஃபால்ஸ்;
ஒன்று இருப்பதை மறைக்க,
ஒன்று ஓரம் நைந்து போகாமலிருக்க.
கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் விழுவது
அந்தச் சரிவில் மட்டும்தான் என்பதால்
இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான்.
என் கணக்குப்படி
அவர் எங்கேயும் உட்கார்ந்திருக்கவில்லை.

"இதை ரூம்னு எழுத மாட்டீங்களாமே?"
"நிக்க முடியலையேம்மா."
நூலைப் பல்லால் அறுத்தார்.
"நிக்கிறதுக்கா வீடு?"

ஏணியில் பாதி ஏறி நின்று
எந்த எண்ணைப் போடுவது என்றார் கமிஷனர்.
சராசரி நாலரை அடி.
அந்த உயரத்தில் இந்த வீட்டில் இருப்பது
அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவன்தான்,
அவனும் அடுத்த வருஷம் இருக்க மாட்டான்.

சுண்ணாம்புக் கோட்டைப் புறங்கையால் தேய்த்தேன்.
முழுதாகப் போகவில்லை.
கட்டத்துக்கு வெளியே எழுதினேன்:
ஒன்பது முதல் சைபர் வரை.
உட்கார்ந்த நிலையில் போதுமானது.

இறங்கும்போது
நெற்றி மடேரென்று விட்டத்தில் மோதியது.
மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே சமயத்தில்
"பாத்து!" என்றார்கள்.
கமிஷனர் பேனாவைத் திறந்தார், இதையும் குறிக்கலாமா என்று.
கீழ்வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் வந்தது.
அது உருகுவதற்குள்
ஆரம்பித்துவிட்டார்கள்,
நான் இடித்துக்கொண்டது
யாருடைய விட்டத்தில் என்று.